விற்கத் தெரிந்த பின்கோடு சர்வீஸுக்குத் தெரியாதா?

ஆன்லைனில் வீட்டுச் சாமான்களும் புத்தகங்களும் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்கள் அப்படியே போனை நீட்டி, "தம்பி, இந்த மிக்சியைக் கொஞ்சம் ஆர்டர் போட்டுக் கொடு" என்பார்கள். போட்டுக் கொடுப்பது நான் என்பதால், பொருள் சரியில்லை என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். உங்கள் கஸ்டமர் கேர் வேலையில் கொஞ்சத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்களால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல குக்கர் வேண்டுமென்றால் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறிய ஊர் இது. இப்போது நாலு மாடலையும் விலையையும் வீட்டிலேயே பார்த்து எடுக்கிறார்கள். புத்தகம் படிப்பவர்களுக்கு இன்னும் வசதி. தருமபுரிப் புத்தகத் திருவிழா முடிந்துவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருந்த காலம் போய்விட்டது.

என் குறையெல்லாம் ஒன்றுதான். பணம் வாங்கும்போது உங்களுக்கு எங்கள் பின்கோடு தெரிகிறது. பொருள் மக்கர் பண்ணினால் அதே பின்கோடு தெரியாமல் போகிறது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கினார். 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்று விலைக்குப் பக்கத்திலேயே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பெட்டி சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது. மாட்டிக் கொடுக்கத்தான் ஆள் வரவில்லை. போன் போட்டால், உங்கள் ஏரியாவில் டெக்னீஷியன் இல்லை, சேலத்திலிருந்து வர வேண்டும், வண்டிச் செலவு தனி என்றார்கள். சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். இந்தப் பின்கோடில் ரிட்டர்ன் பிக்கப் கிடையாது, நீங்களே கூரியரில் அனுப்புங்கள் என்று பதில். கடைசியில் உள்ளூர் பிளம்பரை வைத்து மாட்டினார் அக்கா. கொஞ்ச நாளில் ஒழுக ஆரம்பித்தது. வெளியாள் கை வைத்ததால் வாரண்டி செல்லாது என்று முடித்துவிட்டார்கள்.

இங்கே அந்த மெஷினை யாரும் பகட்டுக்கு வாங்குவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் காவிக்கறை விழும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையே பிடிக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது இதற்காகத்தான். அந்தத் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத்தானே பிடிக்க வேண்டியிருக்கிறது? யு.வி. விளக்கு மட்டும் வைத்த மெஷின் கிருமியைக் கொல்லும், கரைந்திருக்கும் ஃபுளோரைடை எடுக்காது. ஆர்.ஓ. சவ்வு இருந்தால்தான் அது குறையும். உங்கள் இணையப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி 'நூறு சதவீதம் பாதுகாப்பான குடிநீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். விலை குறைவாக இருப்பதைத்தானே ஜனங்கள் எடுப்பார்கள்?

ஸ்டார் பார்த்து வாங்குங்கள் என்பீர்கள். பார்த்துத்தான் வாங்குகிறோம். 'அன்றைக்கே ஆள் வந்து மாட்டிவிட்டார், சூப்பர்' என்று ஐந்து ஸ்டார் போட்டவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். அவருக்கு வந்த ஆள் எங்கள் பக்கத்து ஏரியூருக்கு வருவாரா என்பது அந்த ஸ்டாரில் தெரியாது. விமர்சனங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் காட்டுவது உங்களுக்குப் பெரிய வேலையா என்ன? நேற்று எந்தச் செருப்பைத் தேடினோம் என்பதையே இன்றைக்கு ஞாபகமாக எடுத்துக் காட்டுகிறீர்களே!

புத்தகத்தில் வேறு கூத்து. கதை பிரமாதம் என்று வாசகர் போடும் ஸ்டாரும், கைக்கு வந்த பிரதி எப்படி இருக்கிறது என்பதும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு நாவல் வந்தது. அட்டை மட்டும் பளபளப்பு. உள்ளே பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரியும் மெல்லிய தாள், ஒரு பக்கம் கருப்பாகவும் அடுத்த பக்கம் வெளிறியும் அச்சு. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு நகலைப் பார்த்தால் தெரியாதா? டி.என்.பி.எஸ்.சி. கைடு வாங்கும் பிள்ளைகள் பாடு இதைவிட மோசம். எந்த வருஷப் பதிப்பு என்பது உங்கள் பக்கத்தில் இருக்காது, பழைய பாடத்திட்டப் புத்தகம் வந்து இறங்கும். திருப்பி அனுப்பி மறுபடி வாங்குவதற்குள் பரீட்சையே வந்துவிடும்.

டெலிவரி தம்பிகளைக் குறை சொல்ல மாட்டேன். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வெயிலில் மூட்டையோடு சுற்றுகிறார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறேன் என்றால், "ஓடிபி சொல்லுங்கண்ணா, அப்புறம் பிரிச்சுக்கங்க" என்கிறார்கள். ஓடிபி சொன்ன நொடியில் 'நல்லபடியாக ஒப்படைக்கப்பட்டது' என்று பதிவாகிவிடுகிறது. ஜார் உடைந்திருந்தால் அதற்கப்புறம் நிரூபிக்க வேண்டியவர் வாங்கினவர். அந்த முறையை வகுத்தது நீங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக வந்த பொருளையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 'இந்தப் பின்கோடு தவிர' என்று அந்த விதியில் எங்கேயும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கினவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இதையும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறேன். நிறைய பேர் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நாங்கள் கேட்பது, பின்கோடை அடித்ததும் 'வியாழக்கிழமை வரும்' என்று காட்டுகிறீர்களே, அதன் கீழேயே இன்னும் இரண்டு வரி. மாட்டவும் பழுது பார்க்கவும் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், அதற்குத் தனியாகக் காசு உண்டா என்று ஒரு வரி. பொருளைத் திரும்ப எடுக்க வீட்டுக்கு வருவீர்களா என்று இன்னொன்று. புத்தகம் என்றால் பதிப்பகம், பதிப்பு வருஷம். ஆள் இல்லாத ஊர் என்றால் இல்லை என்றே போடுங்கள். விலை நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை என்று தருமபுரிக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். அங்கே கடைக்காரர் முகமாவது தெரியும்.

பதில் போடுவதாக இருந்தால் தமிழில் போடுங்கள். 1915க்குப் பக்கத்தில் சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பென்னாகரம் ஜெராக்ஸ் கடைக்காரர்