அந்தச் சாயத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்

பழைய படச்சுருள்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். 1910-களில் பாரிஸில் எடுத்த ஃபேஷன் படங்களை நீங்கள் இணையத்தில் ஏற்றுவதால்தான் என்னைப் போன்றவர்களால் அவற்றைப் பார்க்க முடிகிறது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் பல படங்கள் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. மாடல்களும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள்.

அன்று பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 16 ஃபிரேம்கள், அதாவது 16 தனிப் படங்கள்தான். அதை நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் துணி செத்துப்போகிறது. ஒரு பெண் திரும்புகிறாள். பட்டு கவுன் ஒரு கணம் பின்தங்கி, அப்புறம் உடலோடு வந்து சேர்கிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

அன்று படச்சுருளில் ஏற்றிய நிறம் போனது அதைவிடப் பெரிய இழப்பு. பாத்தே என்ற பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனத்தின் பட்டறையில் பெண்கள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். பெரிதாக்கிக் காட்டிய ஃபிரேமில் கவுனின் விளிம்பை ஒருத்தி முள்ளால் தொடர்ந்துகொண்டே போவாள். அதோடு இணைத்த ஊசி இன்னொரு பிலிமில் அதே வடிவத்தை வெட்டும். அப்படி வெட்டிய துளை அச்சுதான் ஸ்டென்சில்; ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்டென்சில். அதன் வழியே வெல்வெட் பட்டை சாயத்தை ஏற்றும். ஒரு நிமிடப் படத்துக்கு 960 ஃபிரேம், மூன்று நிறமென்றால் 2,880 முறை வெட்ட வேண்டும். உற்றுப் பார்த்தால் ரோஜா நிறம் சில இடங்களில் கவுனின் விளிம்பைத் தாண்டி லேசாக நடுங்கும். எனக்கு அது பிழையாகப் படவில்லை. அங்கேதான் அந்தக் கை தெரிகிறது.

அதே காலத்தில் கேமராவே நிறத்தைப் பிடிக்கும் கினிமாகலர் என்ற முறை வந்தது. 1913-இல் அந்த முறையில் இதழ் போல ஃபேஷனைக் காட்டும் ஒரு படமே வெளியானது. ஆனால் சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்த ஃபிரேம்களில் பதிந்ததால், வேகமாக அசைகிற எதற்கும் ஓரத்தில் நிறம் பிரிந்து நின்றது. ஃபேஷன் படத்தில் அசைவுதானே எல்லாம்!

அன்று பயன்படுத்திய நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும், மக்கும் என்பதால் பிற்காலத்தில் பாதுகாப்பான பிலிமுக்கு மாற்றினார்கள். சரி, அது தேவைதான். ஆனால் பல இடங்களில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்ததோடு நின்றுவிட்டார்கள்.

சாயமேற்றிய மூலப் பிரதி உங்களிடம் இருந்தால், தயவுசெய்து அதிலிருந்தே ஏற்றுங்கள், சரியான வேகத்தில். இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். குறிப்பில் உடையைத் தைத்த நிறுவனத்தின் பெயரோடு, ஸ்டென்சில் வெட்டிய பெண்களைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர் ஒருவர்