பாதியில் நிற்கும் 24 பிள்ளைகள்: இன்னும் 82 அமர்வுகளுக்கு உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

அடிபட்டு மனம் காயப்பட்ட, சிலர் தப்பிலும் இறங்கிய பிள்ளைகளுக்காக நம் மன்றத்தில் நடந்துவரும் சிறார் மனநல ஆலோசனை 8ஆவது அமர்வோடு நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 16 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். 24 பிள்ளைகளுக்கு இன்னும் 192 அமர்வு பாக்கி. கையிருப்பு 110க்குத்தான் வரும். குறைவது 82. வரும் 30ஆம் தேதிக்குள் ஆலோசகர்களுக்கு உறுதி சொல்லியாக வேண்டும்.

எட்டோடு நிறுத்தினால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். முதல் பாதியில் பிள்ளை மூச்சை நிதானிக்கவும், உள்ளே பொங்குவது கோபமா பயமா என்று பிரித்துச் சொல்லவும் பழகுகிறது. அதன் பிறகுதான் தனக்கு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்திறந்து சொல்லும். கடைசி அமர்வுகளில் வளர்ப்பவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். சொல்லத் தொடங்கிய வாரத்தில் கதவைப் பூட்டினால், பெரியவர்களை நம்பாதே என்ற பழைய பாடத்தை நாமே மறுபடி நடத்தியதாகும்.

"நாலு அடி போட்டால் திருந்துவான், பேச்சென்ன பேச்சு?" என்பதும் காதில் விழுகிறது. அடிவாங்கியே வளர்ந்த பையன் பலநேரம் வாசலைப் பார்த்த நாற்காலியைத்தான் தேடுவான். பின்னாலிருந்து தோளைத் தொட்டால், யாரென்று பார்ப்பதற்குள் கை ஓங்கிவிடும். ஆபத்து என்று மூளை அலறும்போது, யோசித்து அடக்கும் முன்பகுதி பின்தங்கிவிடுகிறது. அது முழுதாக முதிரவே 25 வயதை ஒட்டி ஆகிறது. காயப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் தப்பு வழிக்குப் போவதில்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். நியூசிலாந்தின் டனீடினில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் சுயகட்டுப்பாடு குறைந்திருந்தவர்களே 32 வயதுக்குள் அதிகம் தண்டனை பெற்றிருந்தார்கள். வளரும்போது கட்டுப்பாடு கூடியவர்கள் தேறியும் இருந்தார்கள். சிறையைக் காட்டி மிரட்டிய திட்டங்களோ குற்றத்தைக் கூட்டவே செய்தன.

எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் செலவு மிச்சமாகும்தான். ஆனால் தப்பில் இறங்கிய பிள்ளைகளை மட்டும் கூட்டிவைத்தால் ஒருவர் துணிச்சலை ஒருவர் மெச்சி இன்னும் கெடுவதுண்டு. அதனால்தான் தனித்தனி.

இந்தக் கட்டடம் நம் மூத்தோர் ஓய்வு நாள்களில் தாமே செங்கல் சுமந்து எழுப்பியது. சுவர் பூசி முடிப்பதற்கு முன்பே, வீட்டில் நிம்மதி இல்லாத பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவென்று மாடி அறையை ஒதுக்கிவைத்தார்கள். யாரும் கேட்காமலே அப்படித் தோன்றிய மனசு அது. இன்று ஆலோசனை நடப்பதும் அதே அறையில்தான்.

இதுவரை நடந்த 192 அமர்வும் உங்கள் கொடை. பெயர் வேண்டாம் என்று 40 அமர்வை ஏற்றவர், ஓய்வூதியத்தில் மாதம் ஒரு அமர்வுக்கு எடுத்துவைக்கும் ஆசிரியைகள், கூடவரும் தம்பி தங்கைகளை வெளியே பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம். இறைவன் உங்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

வாக்களித்துவிட்டு இன்னும் தராதவர்கள் 19 பேர். அவர்கள் பெயரைப் பலகையில் எழுத மனம் வரவில்லை. குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று மேடையில் பேசியவர்களும் அதில் உண்டு.

ஒருவர் ஒரு அமர்வை ஏற்றால் 82 பேரில் முடிந்துவிடும். பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். யாருடைய பிள்ளை என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும் அதைச் சொல்வதற்கில்லை.

இங்ஙனம்,
நிர்வாகக் குழுவினர்