உன் அக்கா பையன் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி

மக்கா,

நல்லாருக்கியா? அம்மாவுக்கு முட்டுவலி இப்போ எப்படி இருக்கு, போன தடவ பேசும்போது மாடிப்படி ஏற முடியலன்னு சொன்ன. நீ வாட்ஸப்ல கேட்டதுக்கு ரெண்டு வரில பதில் போட மனசு வரல, அதான் ஒரு வாரம் இழுத்துட்டு இன்னைக்கு பிள்ளைங்க தூங்கினப்புறம் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், பொறுமையா படி.

அக்கா பையனுக்கு கேம்பஸ்ல ஐடி கம்பெனி வேலை கிடைச்சது ரொம்ப சந்தோஷம்டா. அத்தானுக்கு உடம்பு முடியாம போனப்புறம் அக்கா அந்தப் பையன படிக்க வச்ச கஷ்டம் நமக்குத் தெரியும். சேரட்டும், தாராளமா சேரட்டும். நான் 2005ல சென்னை ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் ரோட்ல, வந்து சேர்ந்தப்போ சோழிங்கநல்லூர் தாண்டிட்டா பொட்டக்காடு தான், கம்பெனி பஸ்ஸ விட்டா வேற நாதி கிடையாது, ஆனா அந்த வேலையில தான் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு, அப்பா வாங்கின கடன் அடஞ்சுச்சு. அத நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனா நீ கேட்டது "உள்ள எப்படி இருக்கும்"னு. அதுக்கு நான் யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயத்த சொல்லணும், என் வீட்டுக்காரிக்கு மட்டும் தான் தெரியும்.

எங்க ஊர்ல, அதாவது ஐடில, வருஷா வருஷம் அப்ரைசல்னு ஒண்ணு வரும் தெரியும்ல. உன் வேலைய பாத்து உன் மேனேஜர் ரேட்டிங் போடுவாரு, அத வச்சு சம்பளம் கூடும்னு தான் வெளியில எல்லாரும் நெனைக்காங்க, நானும் மேனேஜர் ஆகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். மேனேஜர் ஆனப்புறம் தான் நார்மலைசேஷன் மீட்டிங்னு ஒரு ரூமுக்குள்ள என்னையும் கூப்பிட்டாங்க. மேனேஜர்ஸ் எல்லாரும் சுத்தி உக்காந்திருப்போம், ப்ரொஜெக்டர்ல ஒரு எக்செல் ஷீட், அதுல நம்ம டீம் ஆளுங்க பேரு. இத்தனை சதவீதம் மேல, இத்தனை சதவீதம் நடுவுல, இத்தனை சதவீதம் கீழன்னு முன்னாடியே கணக்கு முடிஞ்சிருக்கும், பெல் கர்வ்னு சொல்லுவாங்க. எல்லாரும் நல்லா உழைச்சிருந்தாலும் கீழ ஒரு ஆள் போயே ஆகணும். என் டீம்ல அப்போ 14 பேரு, எனக்கு ஒரு ஆள் விழுந்துச்சு.

அந்த டீம்ல ஒரு பொண்ணு இருந்தா, விருதுநகர் பக்கம். ஒரு இன்ஷூரன்ஸ் க்ளையண்ட்டோட ராத்திரி பேட்ச் ஜாப், அதாவது ராத்திரில தானா ஓடுற ப்ரோக்ராம், ஒருநாள் நடு ராத்திரில நின்னு போச்சு, க்ளெய்ம் பணம் போக வேண்டியது ஒண்ணும் போகல, அமெரிக்காவுல இருந்து கால் மேல கால். அவ அப்போ ஆறு மாசம் கர்ப்பம். தொரப்பாக்கத்துல வீட்ல இருந்தே லேப்டாப்ப தொறந்து விடியுற வரைக்கும் உக்காந்து சரி பண்ணா, நான் கால்ல கூட இருந்தேன் அவ்ளோ தான், கண்டுபிடிச்சதும் அவ தான் சரி பண்ணதும் அவ தான். அப்புறம் நவம்பர்ல மெட்டர்னிட்டி லீவ்ல போனா. 2017ல சட்டத்த மாத்தி 12 வாரமா இருந்த லீவ 26 வாரம் ஆக்குனாங்கல்ல, அந்த லீவ். சட்டம் லீவ குடுத்துச்சு, சம்பளமும் குடுத்துச்சு. ஆனா அந்த எக்செல் ஷீட்ல அவ பேருக்கு நேரா பாதி வருஷம் காலியா கெடந்துச்சு.

எங்க மேனேஜர்ஸுக்கெல்லாம் மேல இருக்குற டெலிவரி ஹெட் சத்தமே போடல மக்கா, ரொம்ப சாந்தமா தான் சொன்னாரு. "அவங்க தான் பாதி வருஷம் இல்லையே, அவங்கள போட்டுருங்க, இருக்குறவங்க மனசு ஒடைய வேண்டாம்"னாரு. நான் அந்த ராத்திரி கதைய சொல்ல வாய் எடுத்தேன், அடுத்த டீமுக்கு நேரம் ஆச்சுன்னாங்க. வாய மூடிட்டேன். அவ பேர மேல் வரிசைல இருந்து கட் பண்ணி கீழ் வரிசைல பேஸ்ட் பண்ணாங்க. ரெண்டு செகண்ட் இருக்கும். அவ்ளோ தான்.

அவ திரும்பி வந்த மொத வாரமே நான் தான் அவளுக்கு அந்த ரேட்டிங்க சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரு நோட்டு கொண்டு வந்தா, சாதா 80 பக்க நோட்டு, அதுல தேதி போட்டு என்னென்ன செஞ்சான்னு பேனால எழுதி வச்சிருந்தா. ஒவ்வொண்ணா படிச்சா. நான் எச்ஆர் குடுத்த வார்த்தைகள அப்படியே ஒப்பிச்சேன், இது உங்க வேலைய பத்தி இல்ல, மத்தவங்களோட ஒப்பிட்டு போடுறதுன்னு. நோட்ட மூடி வச்சிட்டு, "அண்ணா, பேர மாத்தும்போது நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களா"ன்னு கேட்டா. இருந்தேன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. கொழந்தைய க்ரெஷ்ல இருந்து கூப்பிட நேரம் ஆச்சுன்னு எந்திரிச்சு போய்ட்டா. அடுத்த மாசம் பேப்பர் போட்டா, அதான் ராஜினாமா, 90 நாள் நோட்டீஸையும் ஒரு கொறை இல்லாம முடிச்சு குடுத்துட்டு போனா. என் தொண்டையில இன்னைக்கும் அது முள்ளு மாதிரி நிக்குது.

இந்தக் கணக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிய 1981ல இருந்து நடத்துன ஜாக் வெல்ச் தான் இத பெருசா பரப்புனது, நூறு பேர்ல மேல 20, நடுவுல 70, கீழ 10, அந்த 10 பேரும் வெளிய. மைக்ரோசாஃப்ட் பல வருஷம் இதே மாதிரி ஆளுங்கள தரம் பிரிச்சு வச்சுட்டு, 2013 நவம்பர்ல இனிமே வேண்டாம்னு தூக்கிப் போட்டுச்சு. நான் அந்த ரூம்ல உக்காந்தது அதுக்கெல்லாம் பல வருஷம் கழிச்சு. பக்கத்து சீட்டுக்காரன் ஜெயிச்சா நான் கீழ போவேன்னு ஆயிட்டா யாருடா யாருக்கு வேலை சொல்லித் தருவான், எங்க ஃப்ளோர்லயே பாத்தேன், தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்ற பழக்கம் நல்ல பசங்களுக்கே வந்துருச்சு.

2024ல ஸ்ரீபெரும்புதூர்ல உங்க ரூமுக்கு வந்தப்போ டீக்கடைல நின்னு பேசுனது ஞாபகம் இருக்கா? சாம்சங் ஃபேக்டரி ஆளுங்க செப்டம்பர்ல ஆரம்பிச்சு 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்கல்ல, சம்பளத்தோட சேத்து எங்க சங்கத்த ஏத்துக்கோங்கன்னும் கேட்டு. நீ அப்போ, "எங்களுக்கு ஒண்ணுன்னா சங்கத்து கமிட்டி ஆள் வந்து நிப்பான், உனக்கு யாருல வருவா"ன்னு கேட்ட. நான் பேச்ச மாத்திட்டேன். எங்களுக்கும் வழி இல்லாம இல்ல, ஐடி கம்பெனிக்கு அப்போ இருந்த தொழில் தகராறு சட்டத்துல விலக்கு கெடையாது, அங்கயும் சங்கம் வைக்கலாம்னு 2016லயே தமிழ்நாடு அரசு சொல்லிருச்சு. ஆனா என் ஃப்ளோர்ல அந்த வார்த்தைய யாரும் வாய்விட்டு சொல்லி நான் கேட்டதில்ல. நாம படிச்சவங்க, நம்ம திறமை நம்மள காப்பாத்தும்னு ஒவ்வொருத்தனும் தனித்தனியா நம்புறோம். 2023ல இன்ஃபோசிஸ் ஆரம்பிச்ச நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னாரு, அப்புறம் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம்னாரு, எங்க பசங்க ஒரு நாள் அதப் பத்தி பேசிட்டு மறுநாள் காலைல எட்டு மணிக்கு ஸ்வைப் பண்ணி உள்ள போய்ட்டாங்க.

அடுத்த வருஷம் நான் பேர் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். 14 பேரும் ஏன் நல்லா செஞ்சாங்கன்னு ஆளுக்கு ஒரு பாரா எழுதி மெயில் போட்டேன். டெலிவரி ஹெட் அவரே ஒரு பேர எடுத்து கீழ போட்டுட்டாரு. ஆனா கீழ போன அந்த டீம் பையன் கேட்டப்போ மெயில காட்டி, நான் எழுதுனது இது, இத வச்சு நீ மேல அப்பீல் பண்ணுன்னு சொல்ல முடிஞ்சுது. அவனுக்கு ரேட்டிங் மாறல. டீம் மட்டும் மாத்திக் குடுத்தாங்க, இப்போ அங்க நல்லா இருக்கான். எனக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் கொறஞ்சுது, பரவால்ல, ராத்திரி தூக்கம் வருது.

அதனால பையன்கிட்ட கம்பெனி பேர பத்தி பேசாத மக்கா. ஒரே கம்பெனில ஒரு மாடில சொர்க்கமா இருக்கும், அடுத்த மாடில மூச்சு முட்டும், எல்லாம் மேல இருக்குற ஆள பொறுத்து. முதல் நாள்ல இருந்து என்ன செஞ்சோம்னு தேதியோட எழுதி வைக்கச் சொல்லு, அந்தப் பொண்ணு மாதிரி, ஆனா நோட்டுல மட்டும் வைக்காம மாசத்துக்கு ஒருக்கா மேனேஜருக்கு மெயிலாவும் போடட்டும். பக்கத்து சீட்டுக்காரனுக்கு தெரிஞ்சத சொல்லிக் குடுக்கட்டும், என்ன ரேட்டிங் போட்டாலும் அத மட்டும் விட வேண்டாம். உடம்புக்கு முடியலன்னா லீவ் கேக்க கூச்சப்பட வேண்டாம்.

அவன் நம்பர அனுப்பு, ஞாயித்துக்கிழமை நானே பேசுறேன். ஆஃபர் லெட்டரோட சர்வீஸ் அக்ரிமென்ட்னு ஏதும் குடுத்திருந்தா கையெழுத்து போடாம எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு, எத்தனை வருஷம், விட்டுப் போனா எவ்ளோ கட்டணும்னு பாத்து சொல்றேன். அம்மாவ கேட்டேன்னு சொல்லு.

உன்
பழைய ரூம்மேட்