கைப்பிடிச்சுவர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் சுகம். தேரி மணற்காட்டுப் பக்கமிருந்து காற்று நாள் முழுக்க மண்ணை வாரி அடிக்கிறது. முற்றத்தைப் பெருக்கிப் பெருக்கி அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

போன வாரம் போனில் ஒன்று சொன்னாய். "கட்டளை, சட்டம் என்று பயமுறுத்தி என் பிள்ளையை வளர்க்கமாட்டேன்பா." நான் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ சொன்னதில் பாதி நான் செய்த தப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுத் தட்டட்டியில், அதுதான் மொட்டைமாடியில், முதலில் கைப்பிடிச்சுவர் கிடையாது. கான்கிரீட் போட்டதோடு கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. உனக்கு மூன்று வயது. அம்மா வடகம் காயப்போட மேலே போனபோது நீயும் பின்னாலேயே ஏறிவிட்டாய். காக்காய் விரட்டுகிறேன் என்று பின்பக்கமாகவே நடந்து போயிருக்கிறாய். அம்மா எட்டிப் பிடித்தபோது அவள் கையில் சிக்கியது உன் சட்டைக் காலர் மட்டும்தான். அந்த மாதமே கடன் வாங்கிச் சுவரைக் கட்டினேன்.

வேதாகமத்தில் உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தைப் பிறகு ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வாசித்தபோது எனக்குக் குரல் அடைத்துவிட்டது. புது வீடு கட்டினால் அதற்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், யாரும் விழுந்து அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரக்கூடாது என்கிறது. வேதாகமக் காலத்து ஊர்களிலும் வீட்டின் மேல்தளம் தட்டையாகத்தான் இருக்கும். எரிகோ பட்டணத்தில் ராகாப் என்ற பெண் இஸ்ரவேலரின் வேவுகாரரை ஒளித்துவைத்ததும் மேலே கிடந்த சணல் தட்டைகளுக்குள்தான். ஆட்கள் ஏறி இறங்கிப் புழங்குகிற இடம். கர்த்தர் அங்கே ஓடி விளையாடும் பிள்ளையை நினைத்திருக்கிறார். யூதர்கள் 613 கட்டளைகள் என்று கணக்குச் சொல்வார்கள். அதில் ஒன்று வெறும் ஒரு கைப்பிடிச்சுவர். அதன்பிறகு, அந்தக் கட்டளைகளையெல்லாம் சேர்த்துச் சொல்லும் நியாயப்பிரமாணம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தச் சட்டைக் காலர்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஓய்வுநாள் கட்டளையும் அப்படித்தான். உன் தாத்தா பனையேறி. காலையும் சாயங்காலமும் பாளை சீவ ஏறவேண்டும். பதநீர் இறங்கியதும் ஆச்சி விடிலிக்குள், பதநீர் காய்ச்சுகிற குடிசைக்குள், அடுப்பு மூட்டி உட்கார்ந்தால், கருப்பட்டி அச்சில் ஊற்றி முடிக்கும்வரை அந்தப் புகையில்தான் கிடப்பாள். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலமே தாத்தா விறகை எடுத்து ஒதுக்கிவைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிலியில் அடுப்பு எரியாது. அன்றைய பதநீரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார். கருப்பட்டிக் காசு போகிறதே என்று கேட்டவர்களிடம், "அவளும் எகிப்தை விட்டு வெளியே வரட்டும்" என்பார். தாத்தா ஐந்தாம் வகுப்புகூடத் தாண்டவில்லை. ஆனால் உபாகமம் 5-இல், எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்று எழுதியிருப்பதை அவர் சரியாகப் பிடித்திருந்தார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். சபையில் திடப்படுத்தல் ஆராதனைக்கு முன்னால் உன்னைப் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்க வைத்தேனே, கையில் பிரம்போடு. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்பதில் ஆரம்பிக்கச் சொன்னேன். அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிட்டேன். "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." விடுதலை முதலில், கட்டளை அதற்குப் பிறகு. செங்கடலைத் தாண்டின பிறகுதான் கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலை வருகிறது. இவைகளைக் கைக்கொண்டால் மீட்பேன் என்று அவர் சொல்லவில்லை. மீட்டுக் கொண்டுவந்த பிள்ளைகளிடம்தான் இப்படி நடங்கள் என்றார். நான் உனக்குச் சுவரை மட்டும் காட்டினேன். சுவர் ஏன் என்று உன்னை மடியில் வைத்துச் சொல்லவில்லை. "பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" வளர்க்கச் சொல்லி எபேசியர் 6-இல் தகப்பனுக்கும் கட்டளை இருக்கிறது. அதை மீறினவன் நான். என்னை மன்னித்துக்கொள், ஐயா.

நாம் கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லவா என்று நீ கேட்பாய். ஆமாம், அதில் சந்தேகமே இல்லை. கலாத்தியர் 3-இல் பவுல் நியாயப்பிரமாணத்தைக் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற உபாத்தி என்கிறார். அதற்கு அவர் எழுதிய கிரேக்க வார்த்தை, பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வேலையாளைக் குறிக்கும். கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் அவன் வேலை. நாம் இரட்சிக்கப்படுவது இயேசுவினால் மட்டுமே. ஆனால் அவரிடம் வந்துசேர்ந்த பிள்ளைக்குப் பொய் சொல்லாதே, பிறனுடையதை இச்சியாதே என்பதெல்லாம் பாரமாகவா இருக்கும்?

ஏழாவது மாடியில் குடியிருக்கிறாய். பேத்தி தவழ ஆரம்பித்ததும் பால்கனிக்குக் கம்பிவலை போட்டுவிட்டேன் என்று நீயே சந்தோஷமாகச் சொன்னாய். அதைப் போட்டபோது உன் மனதில் என்ன இருந்ததோ, அதை அப்படியே அவளுக்குச் சொல்லிக்கொடு.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாயா? நம் இடையன்குடிக் கோயில் மணிச் சத்தம் அவள் இன்னும் கேட்டதில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் யாத்திராகமம் 20-ஐ நீதான் வாசிக்கவேண்டும். இரண்டாம் வசனத்திலிருந்தே வாசி. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா