டீயும் சாப்பாடும்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள மைனிக்கு,

இங்க எல்லாரும் சுகம். அண்ணனும் ஆச்சியும் சுகந்தானே? பிள்ளைக்கு இந்தப் பக்கத்து முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை கிடைச்சிட்டுன்னு எழுதியிருந்தீங்க. அவ இங்கிலீஷ் நல்லாவே பேசுவா. ஆனா இங்க வந்ததும் குழப்புறது பெரிய வார்த்தை எதுவும் இல்ல, ‘டீ’தான். இதை அவகிட்டயும் வாசிக்கக் குடுங்க.

இங்க வட இங்கிலாந்துல, யார்க்‌ஷயர், லங்காஷயர்ப் பக்கம் வயசானவங்க பேச்சுல மத்தியானச் சாப்பாடுதான் ‘டின்னர்’. சாயங்காலம் அஞ்சு, ஆறு மணிக்குத் தட்டு நிறைய உருளைக்கிழங்கும் கறியுமாச் சாப்பிடுறது ‘டீ’. படுக்கப் போகும்போது ரெண்டு பிஸ்கட்டோ டோஸ்ட்டோ தின்னா அது ‘சப்பர்’. லண்டன் பக்கம் போனா மத்தியானம் லஞ்ச், ராத்திரிதான் டின்னர். ஆனா பள்ளிக்கூடத்துல மட்டும் அங்கயும் மதியச் சாப்பாட்டுக்கு ‘ஸ்கூல் டின்னர்’னுதான் பேரு! நம்ம ஊர்ல காலையில ‘காப்பி குடிச்சாச்சா’ன்னு கேட்டா இட்லியையும் சேர்த்துத்தானே கேக்கோம், அது மாதிரிதான்.

வேலையில இது விளையாட்டுக் காரியம் இல்ல. ‘எனக்கு இன்னும் டீ வரல’ன்னு ஒரு பாட்டி சொன்னா, ஒரு கப் டீயைக் கொண்டு வச்சிட்டுப் போயிரக் கூடாது. அவங்க பசியோட இருக்கலாம். சர்க்கரைக்காரங்கன்னா இன்னும் கவனம் வேணும். சாப்பாட்டோட போடுற, வேகமா வேலை செய்ற இன்சுலினைப் போட்டுட்டுச் சாப்பாடு பிந்திப்போனா சர்க்கரை இறங்கிரும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அதனால ‘டீக்கு முன்னால’, ‘டின்னருக்கு அப்புறம்’னு யாராவது வாய்மொழியாச் சொன்னா, எத்தனை மணிக்குன்னு கேட்டு, மருந்துச் சீட்டைப் பாக்கச் சொல்லுங்க. அவ எழுதும்போதும் 12:00, 17:00ன்னு மணியைத்தான் எழுதணும்.

நிஜமாவே குடிக்கிற டீன்னா, ‘எ கப் ஆஃப் டீ’ இல்லன்னா ‘ப்ரூ’ன்னு கேப்பாங்க. பாலோட சேத்துக் கொதிக்க வைக்கிற வழக்கமே கிடையாது. கப்புல டீப்பையைப் போட்டு, கொதிக்கிற தண்ணிய ஊத்தி, மூணு நாலு நிமிஷம் விட்டுப் பையை எடுத்துட்டுக் கொஞ்சம் பால். நீல மூடி கொழுப்பு எடுக்காத பாலு, பச்சை பாதி எடுத்தது, சிவப்பு முழுசா எடுத்தது. ‘பில்டர்ஸ் டீ’ன்னா நல்ல கடுப்பமா, பாலு விட்டு, சீனியும் தாராளமாப் போடுவாங்க. நம்ம நாக்குக்கு எல்லாமே கழுநீர்தான், அது வேற விஷயம்.

முழுங்கக் கஷ்டப்படுறவங்களுக்கு டீயிலயும் கெட்டிப்படுத்துற பொடி கலக்க வேண்டி வரலாம். பாலு, சீனி எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதான் பொடி; பிறகு பால் ஊத்தினா பதம் மாறிரும். பானம் எவ்வளவு கெட்டியா இருக்கணும்கிறதுக்கு 0லேருந்து 4 வரைக்கும் நிலை உண்டு, யாருக்கு எந்த நிலைன்னு அவங்க குறிப்புல இருக்கும். அதைப் பாக்காம, டீயோட ஒரு பிஸ்கட்டைக்கூட நீட்டக் கூடாது.

பக்கத்து வீட்டுல ‘டீக்கு வாங்க’ன்னு கூப்பிட்டா மணியைக் கேக்கணும். மூணரை, நாலுன்னா பெரும்பாலும் கேக்கும் டீயும். அஞ்சுக்கு மேலன்னா சாப்பாடு, வயித்தைக் காயப்போட்டுட்டுப் போகலாம். மாட்டுக்கறி வேண்டாம்னா முந்தியே சொல்லிரணும், அவங்க தப்பா நினைக்க மாட்டாங்க. ஹோட்டல்ல ‘கிரீம் டீ’ன்னு போட்டிருந்தா டீயில கிரீம் கலந்ததுன்னு நினைக்க வேண்டாம்; ஸ்கோன்னு ஒரு ரொட்டி, ஜாம், கெட்டிப் பாலாடை, கூட டீ. ‘டீ டவல்’ பாத்திரம் துடைக்கிற துணி.

பிள்ளை டிக்கெட் போட்டதும் தேதியை எழுதுங்க. ஆச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கு?

அன்புடன்,
உங்க நாத்தனார்