லூபின் விதை தேடுபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு தோட்டப் பக்கத்தில் அமெரிக்கக் காட்டு லூபின் என்ற பூச்செடியின் படத்தைப் பெரிதாகப் போட்டு வளர்க்கும் முறையும் எழுதியிருந்தீர்கள். எழுதியதில் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் ஆன்லைனில் விதை தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஏற்கெனவே பட்டவன். மிச்சிகனில் இருக்கும் மகள் மூன்று வருஷம் முன்னால் ஒரு பாக்கெட் கொண்டுவந்தாள். விதைத்தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் உரசி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈர மணலோடு பத்து நாள் ஃப்ரிட்ஜில் வைத்து (அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனி) மார்கழியில் தொட்டியில் போட்டேன். முளைத்தது, விரலை விரித்த மாதிரி இலையும் விட்டது. ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் தாங்காது என்று தெரியாமல் தரைக்கு மாற்றினேன், மாசி வெயிலுக்கு அத்தனையும் போச்சு. மாற்றாமல் விட்டிருந்தாலும் சித்திரையைப் பார்த்திருக்காது, அது பனிக்காலம் உள்ள ஊரில் புளிப்பு மணலில் வளர்கிற செடி. அங்கே கார்னர் புளூ என்று ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி, அதன் புழு இந்த லூபின் இலையைத் தவிர எதையும் தின்னாது, செடி குறையக் குறையப் பூச்சியும் குறைந்து 1992-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தேடித் தேடி வளர்ப்பது சரி. ஒரத்தநாட்டில் எதற்கு?

அதே அவரைக் குடும்பத்தில், அதே ஊதாப் பூவோடு, நம் வரப்பிலேயே கொழிஞ்சி நிற்கிறது. அவுரி என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நேராகக் கிழியாமல் அம்பு முனை மாதிரி கிழிந்தால் கொழிஞ்சி. ஆடு மாடு அவ்வளவாகச் சீந்தாது, வேலிச் செலவு மிச்சம்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) கடைமடைக்குத் தண்ணீர் வர ஆடி ஆகிவிடுவது உண்டு. ஒருபோகச் சம்பா நிலம் அறுவடைக்கு அப்புறம் அத்தனை மாதம் சும்மாதானே கிடக்கிறது, அந்த ஈரத்திலேயே கொழிஞ்சியை விதைத்துவிட்டால் தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரமாக மடக்கி உழலாம். இதன் விதையும் லூபின் மாதிரியே பிடிவாதம், மேலே மெழுகுப் பூச்சு, அப்படியே போட்டால் பாதிக்கு மேல் தூங்கும். பருமணலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும், இல்லையா, 55 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் (கொதிக்கிற தண்ணீர் கூடாது) 2, 3 நிமிஷம் போட்டு வடித்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. ஆரம்பத்தில் வளரவே வளராது, ஏமாந்துவிட்டோம் என்று உழுதுவிடாதீர்கள் (நான் ஒரு தடவை உழுதேன்). ஒரு வருஷம் காயைக் கொட்டவிட்டால் அப்புறம் தானாகவே முளைக்கும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை நடக்கிறது. இதெல்லாம் மணல்சாரி நிலத்துக்கு. தண்ணீர் தேங்குகிற களிமண்காரர்கள் இன்னொரு பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டையே போடுங்கள்.

சிக்கல் விதையில்தான். எங்கள் பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் தக்கைப்பூண்டு மட்டும்தான் என்கிறார்கள், வாய்க்கால் கரையில் நின்றதைத் தூர்வாரும் இயந்திரம் வழித்துவிட்டது, மிச்சத்துக்குக் களைக்கொல்லி. இப்போது கரையோரம் கிடைக்கிற காயை, வெடிப்பதற்கு முன் காலையிலேயே பறித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை தோட்டப் பக்கத்தில் இதன் படத்தையும் போடுங்கள், பூத்ததும் நானே எடுத்து அனுப்புகிறேன். லூபின் மாதிரி கொத்தாக நிமிர்ந்து நிற்காது, கொஞ்சம் படர்ந்துதான் இருக்கும். படத்தில் எடுப்பாக இல்லை என்று ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு சம்பா விவசாயி,
ஒரத்தநாடு வட்டம்.