மீனாவுக்கு, நாள் கணக்கு பற்றி

அன்புள்ள மீனா,

உன் நீளமான கடிதம் கிடைத்தது. இங்கே காரைக்குடியில் எல்லாரும் நலம். சின்ன நாத்தனார் மகளுக்குப் பள்ளத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறோம், தையில் கல்யாணம், வீட்டில் இப்போதே சாமான் பரப்புவது பற்றித்தான் பேச்சு. இரண்டாங்கட்டு ஓட்டைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தாகிவிட்டது, ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்ததே பெரிய நிம்மதி. ஆத்தா உன்னைக் கேட்டார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன பிள்ளையார் நோன்பன்று வளவில் எல்லாரும் வரிசையாக இழையை, அந்த மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியை, எடுத்துக்கொண்டபோது அந்தப் பெரியாச்சி அத்தனை பேர் முன்னால் "உனக்கு இந்த வருஷமாவது ரெண்டு இழையா?" என்று கேட்டதை எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வயிற்றில் பிள்ளை இருப்பவள் அதற்கும் சேர்த்து ஒரு இழை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம், அதை வைத்து ஒருத்தியைக் குத்துவது நல்ல வழக்கம் இல்லை. இந்த வருஷம் நோன்புக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் வராதே. கோயம்புத்தூரிலேயே இரு, நான் எடுத்துக்கொள்ளும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தில் என்னை அதைவிட உலுக்கியது வேறு ஒரு வரி. ஒவ்வொரு மாதமும் மாதவிலக்கு ஆரம்பித்ததிலிருந்து 14ஆம் நாளுக்குச் சரியாக வீட்டுக்காரரை ஓசூரிலிருந்து லீவு போட்டு வரச் சொல்கிறேன், இருந்தும் கரு நிற்கவில்லை என்று அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதே கடிதத்தில் நாலு வரி தள்ளி உனக்கு மாதவிலக்கு 33 நாளுக்கு, 36 நாளுக்கு, 34 நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்றும் எழுதியிருக்கிறாய். மீனா, இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. அந்த 14ஆம் நாள் 28 நாள் சுற்று உள்ளவளுக்கான கணக்கு, உனக்கானது இல்லை.

முட்டை வெடிக்கும் நாளை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 1920களில் ஜப்பானில் ஓகினோ என்ற டாக்டரும் ஆஸ்திரியாவில் க்னவுஸ் என்ற டாக்டரும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சொன்னது இதைத்தான், நர்சிங் படித்தபோது எங்கள் மேடம் இதைப் பலகையில் எழுதித்தான் பாடத்தையே ஆரம்பித்தார். முட்டை வெளியே வந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரைக்கும் உள்ள நாட்கள் பெரும்பாலும் 12 முதல் 14 நாள், ஒரே பெண்ணுக்கு அது அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் அதற்கு முந்தைய பகுதிதான், அதாவது முட்டை வளர்ந்து முற்றுவதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம். சுற்று நீளமாக இருந்தால் முட்டை தாமதமாக வெடிக்கிறது என்று அர்த்தம். உனக்கு 33இல் 14 போனால் 19, 36இல் 14 போனால் 22. ஆக 19க்கும் 22க்கும் நடுவில் ஒரு நாள் என்று வைத்துக்கொள், முன்னே பின்னே ஓரிரு நாள் போகலாம்.

அதோடு முடியவில்லை, முக்கியமானதே இனிமேல்தான். முட்டை வெளியே வந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு அப்படி இல்லை, வழி சாதகமாக இருந்தால் உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கரு தங்கக்கூடிய நாட்கள் முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், மொத்தம் ஆறு. ரயில் கிளம்பும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் இறங்குகிறவருக்கு ரயில் கிடைக்காது, முன்னாலேயே போய் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், விந்தணுவின் வேலையும் அதுதான். 1995இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் என்பவரும் அவர் குழுவும் குழந்தைக்கு முயன்ற 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள்: கரு தங்கியது எல்லாமே இந்த ஆறு நாளுக்குள் சேர்ந்தவர்களுக்குத்தான். ஆறில் முதல் நாள் என்றால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், முட்டை வெடிக்கும் நாளை நெருங்க நெருங்க 33 சதவீதம் வரை ஏறுகிறது, அந்த நாள் தாண்டிவிட்டால் ஒன்றுமில்லை. அதே குழு 2000இல் இன்னொன்றும் சொன்னது. 10ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை என்று எல்லாருக்கும் சொல்லப்படுகிறதே, அந்தக் கட்டத்துக்குள் இந்த ஆறு நாளும் முழுதாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான். மற்றவர்களுக்கு முன்னாலோ பின்னாலோ நீண்டது. இதைப் படித்த பிறகு யாராவது வந்து "பதினாலாம் நாள் சிஸ்டர்" என்று ஆரம்பித்தாலே முதலில் அவர்கள் காலண்டரை வாங்கிப் பார்ப்பேன்.

உன் கணக்குக்கு வந்தால், உன் நாட்கள் 14இல் ஆரம்பித்து 22 வரை எங்கேயோ இருக்கின்றன. நீ நிறுத்துகிற இடத்தில்தான் அது ஆரம்பமாகிறது. அண்ணன் 14ஆம் நாள் வந்துவிட்டு ஓசூர் திரும்பி, அடுத்து இரண்டு வாரம் கழித்து வருகிறார் என்றால் அந்த மாதத்தின் நல்ல நாட்கள் அநேகமாக அத்தனையும் அவர் ஊரில் இல்லாத நாட்கள். ஆண்கள் பர்மா, மலாயா என்று போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்பிய ஊர் நம் ஊர், கணவன் பக்கத்தில் இல்லாத மாதங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஒரு வருஷமாக முயற்சி செய்கிறேன் என்று நீ சொல்வதை நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் உடம்பு ஒரு வருஷமாகத் தோற்கவில்லை, அதற்குச் சரியான வாய்ப்பே அதிகம் கிடைக்கவில்லை.

அண்ணனுக்கு லீவு குறைவு என்பதால் நாளைக் கொஞ்சம் நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். அதற்குக் காசில்லாத வழி ஒன்று உன்னிடமே இருக்கிறது, நம் பெண்கள் அதை வியாதி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். மாதவிலக்கு முடிந்து சில நாள் வறட்சியாக இருக்கும், அப்புறம் பிசுபிசுப்பாக, பிறகு முட்டை வெடிக்கப் போகிற நாட்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழுவழுப்பாக, இரண்டு விரலில் எடுத்தால் நூலாக இழுபடும்படி வரும். வெள்ளைப்படுகிறது, உடம்பு சூடு என்று இளநீரும் வெந்தயமுமாகக் குடிக்கிறார்களே, பல நேரம் அது இதுதான். விந்தணு உயிரோடு இருக்கவும் மேலே நீந்திப் போகவும் வேண்டிய வழியை உடம்பே போட்டுக்கொடுக்கிறது. அது தெரிய ஆரம்பித்த அன்றே அண்ணனுக்குப் போன் போடு. அரிப்பு, நாற்றம், தயிர் திரிந்த மாதிரி கட்டி, பச்சை அல்லது மஞ்சள் நிறம் இருந்தால் மட்டும் அது வேறு, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று மருந்துக்கடையில் கிடைக்கிற ஓவுலேஷன் கிட். சிறுநீரில் எல்எச் ஹார்மோன் திடீரென்று ஏறுவதை அது காட்டும், ஏறிய பிறகு சுமார் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். நீ 16ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் பார், அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதே. சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் பாசிட்டிவ், மங்கலான கோடு கணக்கில் வராது, கர்ப்ப டெஸ்ட் மாதிரி இதைப் படிக்கக் கூடாது. பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு எல்எச் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருந்து கிட் ஏமாற்றலாம், உனக்கு ஸ்கேனில் அப்படி எதுவும் சொன்னார்களா என்று எழுது. காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற முறையை உனக்கு நான் சொல்லவே மாட்டேன். அதில் கால் டிகிரியோ அரை டிகிரியோ சூடு ஏறுவது முட்டை வெடித்த பிறகுதான், தெரியும்போது அந்த மாதம் போய்விட்டிருக்கும்.

அந்த நாட்களில் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சேர்ந்திருந்தால் போதும். நல்ல நாளுக்காகச் சேர்த்துவைக்கிறோம் என்று இரண்டு வாரம் ஒதுங்கி இருப்பதில் லாபம் இல்லை, நாள் கூடினால் விந்தணுவின் தரம் குறையத்தான் செய்யும். அப்புறம் காலைத் தூக்கிச் சுவரில் வைத்து அரைமணி நேரம் படுப்பது, அசையாமல் இருப்பது, இதெல்லாம் உனக்கு யார் சொன்னார்களோ. சில நிமிஷத்தில் விந்தணு கருப்பைவாயைக் கடந்துவிடும், எழுந்ததும் கொஞ்சம் வழிவது எல்லாருக்கும் நடப்பது. நிம்மதியாகத் தூங்கு.

இப்போது நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வதைக் கேள். உனக்கு ஏஎம்எச், தைராய்டு, ஸ்கேன், எல்லாம் எடுத்தாகிவிட்டது, அண்ணனுக்கு ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை. குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, இதை எங்கள் ஓபியில் தினமும் பார்க்கிறேன். வருகிற மாமியார்கள் மருமகளின் ஃபைலைத்தான் நீட்டுவார்கள், மகனுக்கு ஃபைலே இருக்காது. விந்துப் பரிசோதனை வலி இல்லாதது, உன் டெஸ்ட்டுகளோடு பார்த்தால் செலவும் குறைவு. கடைசியாகச் சேர்ந்ததிலிருந்து இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேல் போகாமலும் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், லேபிலேயே கொடுத்தால் நல்லது. முதல் தடவை எண்ணிக்கை குறைந்து வந்தால் அதோடு இடிந்துபோக வேண்டாம். விந்தணு உருவாகி முற்ற இரண்டரை மாதம் ஆகும், போன மாதம் வந்த காய்ச்சல்கூட இந்த ரிப்போர்ட்டில் தெரியும், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். சிகரெட்டை அண்ணன் இன்றே விட வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ சொல்லத் தயங்கினால் என் வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்கிறேன், இரண்டு பேரும் நன்றாகப் பழகுகிறவர்கள்தானே.

ஏஎம்எச் குறைவு என்று அழுதிருக்கிறாய். அது மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவைப் பற்றி ஒரு மதிப்பீடு கொடுக்கும், ஐவிஎஃப் என்கிற சோதனைக்குழாய் முறை செய்தால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று பார்க்க உதவும். இந்த மாதம் இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லாது. மாதம் ஒரு முட்டை போதும், மீனா.

அதே சமயம் வெறும் நாள் கணக்கிலேயே இன்னும் ஒரு வருஷம் ஓட்டு என்று நான் சொல்லவில்லை. 35க்குக் கீழே என்றால் ஒரு வருஷம், 35 ஆகிவிட்டால் ஆறு மாதம், அதற்குள் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. உனக்குத் தையில் 35 முடிகிறது. ஆகவே இந்த இரண்டு மூன்று மாதம் சரியான நாட்களில் முயற்சி செய், கூடவே டாக்டரிடமும் போ, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம். முட்டை வெடித்ததா என்று பார்க்க 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், அதையும் அப்படியே எடுத்துவிடாதே. அது 28 நாள் சுற்றுக்கான நாள், உனக்கு மாதவிலக்கு வரும் என்று எதிர்பார்க்கிற தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எடுக்க வேண்டும். உன் நாட்களை எழுதி டாக்டரிடம் காட்டு, அவரே மாற்றிக் கொடுப்பார்.

ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்துவிட்டாயா? கரு தங்கிய முதல் நாலு வாரத்திலேயே குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் மூடிவிடுகிறது, நாள் தள்ளிப்போனது தெரிந்து மாத்திரையைத் தொடங்கினால் அதற்குத் தாமதம். சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். மருந்துக்கடையில் பொதுவாக 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள், அது தேவையா என்று டாக்டர் சொல்லட்டும், சர்க்கரையோ வலிப்பு மருந்தோ இருப்பவர்களுக்கு அவர்களே கூட்டி எழுதுவார்கள். உன் மாமியார் தருகிற மலைவேம்புச் சாறு பற்றியும் டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை எடுக்கிற மாதத்தில் அதைக் குடிக்காதே. அவர்கள் அக்கறையில் தருகிறார்கள், சண்டையாக்க வேண்டாம், "டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றார்" என்று சொன்னால் முடிந்தது.

நாள் தள்ளிப்போவதற்கு முன்னாலேயே டெஸ்ட் பார்த்து ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழாதே. முட்டை வெடித்து 6 முதல் 12 நாளில்தான் கரு கருப்பையில் ஒட்டும், அதற்குப் பிறகுதான் கர்ப்ப டெஸ்ட் காட்டுகிற ஹார்மோனே வர ஆரம்பிக்கும். உனக்கு 36 நாள் வரை போகிறது என்பதால் அதுவும் தாண்டட்டும்.

கடைசி ஆறு மாதத்தில் மாதவிலக்கு ஆரம்பித்த தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு, ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து. இந்த வாரம் எனக்கு மதிய டியூட்டி, காலையில் பத்து மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிட்டால் இன்னும் நல்லது, அவரிடமும் பேச வேண்டும்.

அன்புடன்,
வள்ளி